நெஞ்சில் முட்டு வாங்கியவர், சென்னைக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்த கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

மண்ணூர்பேட்டையில இருந்து பேசுறேன். பின்னாடி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க. எம்.டி.எச் ரோடு பக்கத்துலதான் வீடு. கதவை எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் எஸ்டேட் கம்பெனி பஸ்ஸோட ஹார்ன் உள்ள வந்துடும்.

இத்தாலி ஃபுட்பால் பிளேயர்கள் வெளிநாட்டுக்குப் போய் கோச் ஆன கதையைப் பேசுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருந்தீங்க. பொதுவா இந்தப் பேச்சு வந்தா ஸ்ட்ரைக்கர்கள் பேர்தான் முதல்ல வரும். ஜியான்லூக்கா வியால்லி, 1998 பிப்ரவரியில செல்சியில ஆடிக்கிட்டே மேனேஜரும் ஆனார். அந்த சீசன் முடியறதுக்குள்ள லீக் கப், கப் வின்னர்ஸ் கப் ரெண்டையும் ஜெயிச்சார். 2000-ல எஃப்.ஏ கப். அப்புறம் ஜியான்ஃப்ராங்கோ ஸோலா, வெஸ்ட் ஹாம், வாட்ஃபோர்டுன்னு போனார். நல்ல கதைங்கதான். ஆனா அதெல்லாம் லண்டன் கதை. அதைச் சொல்ல நிறைய பேர் இருக்காங்க.

நான் இன்னைக்குப் பேசப்போற ஆள் ஸ்ட்ரைக்கர் இல்ல, டிஃபெண்டர். ஆனா 2000-01 சீசன்ல பெருஜியா டீமுக்காக இத்தாலியோட முதல் டிவிஷன்ல 12 கோல் அடிச்ச டிஃபெண்டர். பல ஸ்ட்ரைக்கர்களுக்கே அது நல்ல கணக்கு. அவர் கோச்சா வேலை பார்த்த ஊருக்கு ஃப்ளைட் டிக்கெட் எல்லாம் தேவையில்ல. கொரட்டூர் ஸ்டேஷன்ல லோக்கல் ஏறினா அரை மணி நேரத்துல மூர் மார்க்கெட். அங்க இருந்து நடந்தா நேரு ஸ்டேடியம்.

மார்கோ மெட்டராஸி. 2014-ல சென்னையின் எஃப்சிக்கு இவர்தான் கோச்னு நியூஸ் வந்தப்போ என் ஃப்ரெண்டு சொன்னான்: "பேர்லயே மெட்ராஸ் இருக்குடா மச்சான், வேற எங்க போவாரு?"

அந்த ஃப்ரெண்டைப் பத்தியும் கொஞ்சம் பேசணும். அது அப்புறம்.

உலகமே பார்த்த அந்த நிமிஷம்

2006 ஜூலை 9. பெர்லின். இத்தாலிக்கும் பிரான்ஸுக்கும் உலகக் கோப்பை ஃபைனல். உங்கள்ல பாதிப் பேர் அப்போ ஸ்கூல்ல கூடச் சேர்ந்திருக்க மாட்டீங்க. ஆனா அந்த வீடியோவைப் பார்க்காதவங்க இருக்க மாட்டீங்க. எக்ஸ்ட்ரா டைம், 110-வது நிமிஷம். ஜினெடின் ஜிடான் நடந்து போறார், திரும்பி வர்றார், எதிர்ல நிக்கிறவர் நெஞ்சுல தலையால ஒரே முட்டு. ஆள் கீழே. ஜிடானுக்கு ரெட் கார்டு. அவரோட கடைசி மேட்ச் அப்படி முடிஞ்சுது.

கீழே விழுந்தவர்தான் மெட்டராஸி.

நம்மள்ல நிறைய பேருக்கு அந்த மேட்ச்ல அவர் செஞ்ச மத்த விஷயங்கள் ஞாபகமே இருக்காது. வரிசையா சொல்றேன். 7-வது நிமிஷம் பிரான்ஸுக்கு பெனால்டி. மலூடாவை மெட்டராஸி ஃபவுல் பண்ணினார்னுதான் அதைக் கொடுத்தாங்க. ஜிடான் கோல் போட்டார். 19-வது நிமிஷம் பிர்லோ கார்னர் எடுக்க, மெட்டராஸி எகிறித் தலையால முட்டி கோல். 1-1. கடைசியில பெனால்டி ஷூட்அவுட். இத்தாலிக்காக ரெண்டாவதா போய் அடிச்சவரும் அவர்தான். அதுவும் கோல். 5-3, இத்தாலி உலக சாம்பியன்.

ஒரு ஃபைனல்ல ஒரு பெனால்டி கொடுத்து, ஒரு கோல் போட்டு, ஷூட்அவுட்லயும் போட்டு, எதிர் டீம் கேப்டனை வெளிய அனுப்ப வச்ச ஆள். ஆனா உலகம் எதை வச்சுக்கிச்சு? முட்டை மட்டும்தான்.

என்ன சொன்னார்னு ஜிடான் அப்படி முட்டினார்? ஜிடானோட சட்டையை இவர் பிடிச்சு இழுத்தார். "சட்டை வேணும்னா மேட்ச் முடிஞ்சு தர்றேன்"ங்கிற மாதிரி ஜிடான் சொன்னார். அதுக்கு இவர் ஜிடானோட அக்காவைப் பத்தி அசிங்கமா ஒண்ணு சொன்னார். இதை மெட்டராஸியே பின்னாடி ஒத்துக்கிட்டார். அவர் புனிதர்னு நான் சொல்ல வரல. பேசினது தப்பு. ஃபிஃபா ஜிடானுக்கு 3 மேட்ச் தடை போட்டப்போ இவருக்கும் 2 மேட்ச் தடை போட்டாங்க.

ஆனா சொல்லாததையும் சொன்னார்னு எழுதினாங்க. இனவெறியா பேசினார்னு இங்கிலாந்து பேப்பர்கள் சிலது போட்டுச்சு. அவர் கேஸ் போட்டு, அந்தப் பேப்பர்கள் மன்னிப்புக் கேட்டு நஷ்டஈடு கொடுத்தது தனிக் கதை. ஜிடானோட அம்மாவைத் திட்டினார்னும் ஒரு பேச்சு ஓடுச்சு. அதுக்கு அவர் சொன்ன பதில், தனக்கு 15 வயசு இருக்கும்போதே அம்மா இறந்துட்டாங்க, யாரோட அம்மாவைப் பத்தியும் அப்படிப் பேச மாட்டேன்னு.

அதோட முடியல. 2012-ல ஆதல் அப்தெஸ்ஸமத்ங்கிற கலைஞர் அந்த முட்டை 5 மீட்டர் உயர வெண்கலச் சிலையா செஞ்சு, பாரிஸ்ல பாம்பிடூ சென்டர் வாசல்ல வச்சார். அடுத்த வருஷம் அது கத்தார் போய் தோஹா கடற்கரையில நின்னுச்சு. எதிர்ப்பு வந்ததும் சில வாரத்துல எடுத்துட்டாங்க. யோசிச்சுப் பாருங்க. உங்க வாழ்க்கையில நீங்க கீழே விழுந்த ஒரு செகண்டை ஒருத்தர் ரெண்டு மாடி உயரத்துக்கு வெண்கலத்துல வார்த்து ஊர் ஊரா எடுத்துட்டுப் போறார்னா எப்படி இருக்கும்?

என் ஃப்ரெண்டு "பாக்ஸர்"

இப்போ ஃப்ரெண்டு கதை. பேர் வேண்டாம். எஸ்டேட்ல லேத் ஓட்டுறவன். நல்லா ஆடுவான், ஸ்டாப்பர் பேக். பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னாடி இந்தப் பக்கம் ஒரு கிரவுண்டுல செவன்ஸ் டோர்னமெண்ட். எதிர் டீம் பையன் வீட்டை இழுத்துப் பேசிட்டே இருந்தான். இவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒண்ணு விட்டான். மூக்குல ரத்தம். மேட்ச் நின்னுபோச்சு.

அன்னையில இருந்து அவன் பேர் "பாக்ஸர்". கேக்க ஜாலியாத்தான் இருக்கும். ஆனா அதுக்கப்புறம் எந்த டீமும் அவனைச் சேர்க்கல. "நல்லா ஆடுவான், ஆனா அடிதடி பார்ட்டிடா"ம்பாங்க. அந்தப் பேரை வச்சு அவனைக் கூப்பிட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அதையும் சொல்லிடணும்.

அவனுக்கு மெட்டராஸின்னா உயிர். எல்லாரும் ஜிடான் பக்கம் நின்னப்போ இவன் மட்டும் இந்தப் பக்கம். எனக்கு அப்போ காரணம் புரியல.

சென்னைக்கு முன்னாடி

மெட்டராஸியோட பழைய கணக்கையும் பார்த்துடுவோம். 1973-ல லெச்சே ஊர்ல பிறந்தவர். அப்பா ஜுசெப்பே மெட்டராஸி பெரிய கோச். ஆனா பையன் நேரா மேல வரல. மர்ஸாலா, திராப்பனின்னு சிசிலியில கீழ் டிவிஷன் டீம்கள்ல ஆடித்தான் மேல வந்தார். 1998-ல ஒரு சீசன் இங்கிலாந்துல எவர்ட்டன். 2001-ல இன்டர் மிலான். அங்க 10 வருஷம்.

கோபக்காரர்ங்கிற பேர் 2006-க்கு முன்னாடியே உண்டு. 2004-ல சியெனா டீம் பிளேயர் ஒருத்தரை டனல்ல குத்திட்டார்னு 2 மாசம் தடை. அதே ஆளோட இன்னொரு போட்டோவும் இருக்கு. 2005 சாம்பியன்ஸ் லீக், மிலான் டெர்பி. ரசிகர்கள் பட்டாசைக் கொளுத்தி கிரவுண்டுல எறிஞ்சு மேட்ச் நின்னுடுச்சு. புகைக்கு நடுவுல எதிர் டீமோட ரூயி கோஸ்டா தோள்ல முழங்கையை ஊன்றிக்கிட்டு மெட்டராஸி வேடிக்கை பார்த்துட்டு நிக்கிறார். கண்டிப்பா உங்க ஃபீட்ல வந்திருக்கும்.

2010-ல இன்டர் சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்ச ராத்திரி. மாட்ரிட்ல ஸ்டேடியத்துக்கு வெளிய, டீமை விட்டுக் கிளம்புற கோச் மொரின்யோ, காரை விட்டு இறங்கி வந்து சுவர் ஓரமா நின்ன மெட்டராஸியைக் கட்டிப்பிடிக்கிறார். ரெண்டு பேரும் தேம்பித் தேம்பி அழறாங்க. அந்த சீசன்ல மெட்டராஸி ரெகுலர் லெவன்லயே கிடையாது. ஃபைனல்லகூட இஞ்சுரி டைம்லதான் இறக்கினாங்க. பெஞ்சுல உட்கார வச்ச கோச்சுக்காக ஒரு பிளேயர் அழறார்னா, அந்த கோச் அவரை எப்படி நடத்தியிருப்பார்? ஃபுட்பால்ல கோச் வேலைன்னா என்னங்கிறதுக்கு அந்த வீடியோவை நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பேன்.

2011-ல இன்டரை விட்டார். மூணு வருஷம் ஆட்டமே இல்ல. 2014-ல ஐ.எஸ்.எல் தொடங்குது. அபிஷேக் பச்சன், வீட்டா டானி, தோனி இவங்க டீம் சென்னையின் எஃப்சி. மெட்டராஸிக்கு அப்போ வயசு 41. ஆடவும் செய்யணும், கோச்சாவும் இருக்கணும். வியால்லி செஞ்ச அதே பிளேயர்-மேனேஜர் வேலை. ஒரே வித்தியாசம், கிரிக்கெட்டைத் தவிர வேற எதுக்கும் ஸ்டேடியம் நிறையாதுன்னு எல்லாரும் சொல்ற ஊர்ல.

2014: பழைய கடனைத் தீர்த்தவர்

முதல் மேட்ச் 2014 அக்டோபர் 15, கோவாவுல. 2-1 ஜெயிச்சாங்க. பல்வந்த் சிங் ஒண்ணு, பிரேசில் எலானோ ஃப்ரீ கிக்ல ஒண்ணு. அந்த சீசன்ல எலானோ 8 கோல் போட்டு கோல்டன் பூட் வாங்கினார். 14 லீக் மேட்ச் முடிஞ்சப்போ சென்னைதான் டேபிள்ல முதல் இடம்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. சீசன் பாதியில ரிட்டயர்டு ஆகி வீட்ல இருந்த அலெஸ்ஸாண்ட்ரோ நெஸ்டாவை மெட்டராஸி சென்னைக்குக் கொண்டுவந்தார். நெஸ்டா யார்னு தெரியணும்னா மறுபடி 2006-க்குப் போகணும். அந்த உலகக் கோப்பையில மெட்டராஸி முதல் லெவன்லயே இல்ல. நெஸ்டாதான் மெயின் டிஃபெண்டர். செக் குடியரசு மேட்ச்ல நெஸ்டாவுக்குக் காயம், அவர் இடத்துல மெட்டராஸி இறங்கினார், இறங்கின கொஞ்ச நேரத்துலயே கோல் போட்டார். ஃபைனல் வரைக்கும் அந்த இடம் அவருக்கு ஆச்சு. நெஸ்டா இடத்துல ஆடி உலக சாம்பியன் ஆனவர், எட்டு வருஷம் கழிச்சு தன் டீம்ல நெஸ்டாவுக்கு ஒரு இடம் கொடுக்கிறார். அதுவும் நம்ம பெரியமேட்டுல!

செமி ஃபைனல் கேரளா பிளாஸ்டர்ஸோட. கொச்சியில 3-0 தோல்வி. டிசம்பர் 16, சென்னையில ரெண்டாவது லெக். நானும் பாக்ஸரும் போனோம். அவன் ஷிஃப்ட் மாத்திக்கிட்டு வந்தான். கொரட்டூர்ல அஞ்சு ரூபா டிக்கெட், ட்ரெயின்லயே நீல ஜெர்சி நிறைய. "மூணு கோல் எங்கடா திருப்பறது"ன்னு எல்லாரும் பேசிக்கிட்டேதான் வந்தோம்.

திருப்பினாங்க! சில்வெஸ்டர் ஒண்ணு. அப்புறம் கேரளா ஆளே போட்ட ஓன் கோல் ஒண்ணு. 90-வது நிமிஷத்துல ஜேஜே லால்பெக்லுவா மூணாவது. நேரு ஸ்டேடியத்துல அந்தச் சத்தத்தை நான் வேற எப்பவும் கேட்டதில்ல. எக்ஸ்ட்ரா டைம். பெனால்டிக்குப் போகப்போகுதுன்னு நினைச்சப்போ, கடைசி நிமிஷங்கள்ல ஸ்டீபன் பியர்சன் கேரளாவுக்கு ஒரு கோல். முடிஞ்சுது. மொத்தக் கணக்கு 4-3, சென்னை வெளிய.

திரும்பி வர்றப்போ ட்ரெயின்ல யாரும் பேசல. பாக்ஸர் மட்டும் வில்லிவாக்கம் தாண்டினப்போ சொன்னான்: "அடுத்த வருஷமும் இவரே இருந்தா நல்லாருக்கும்டா."

2015: வெள்ளமும் கோப்பையும்

அடுத்த வருஷமும் அவரே இருந்தார். ஆனா அந்த சீசன் படு மோசமாப் போச்சு. 10 மேட்ச்ல 6 தோல்வி, கையில 10 பாயிண்ட், டேபிள்ல கடைசி. ஐ.எஸ்.எல் அப்போ ரெண்டு, ரெண்டரை மாசம் ஓடுற சின்ன லீக். 8 டீம், ஆளுக்கு 14 மேட்ச், முதல் 4 டீமுக்கு செமி ஃபைனல். 10 மேட்ச் முடிஞ்சு கடைசியில இருந்தா பெட்டி கட்ட வேண்டியதுதான். யூரோப்பா இருந்தா கோச்சை அனுப்பியிருப்பாங்க. சென்னை அனுப்பல.

மீதி 4 மேட்ச். நாலையும் ஜெயிச்சாங்க. 22 பாயிண்ட், மூணாவது இடம், செமி ஃபைனல்.

இது எப்படி நடந்துச்சு? ஒரே காரணம் சொன்னா பொய். ஆனா ரெண்டு பேரைச் சொல்லலாம். ஒருத்தர் கொலம்பியாவோட ஸ்டீவன் மெண்டோசா. 2014-ல சென்னைக்கு வந்தப்போ அவர் யார்னு இங்க யாருக்கும் தெரியாது. இங்க ஆடினதைப் பார்த்துத்தான் பிரேசில்ல கொரிந்தியன்ஸ் எடுத்தாங்க. 2015-ல அங்க இருந்து லோன்ல திரும்பி வந்து 13 கோல், கோல்டன் பூட். இன்னொருத்தர் மிசோரமோட ஜேஜே. அந்த சீசன்ல 6 கோல். டீமுக்கு 6 வெளிநாட்டுக்காரங்க ஒரே நேரத்துல ஆடலாம்னு ரூல் இருந்த காலம். நிறைய டீம் இந்திய ஸ்ட்ரைக்கரை ஓரத்துல நிறுத்தி வச்சப்போ, ஜேஜே இங்க மெயின் ஆளா ஆடினார். ஒரு டிஃபெண்டர் கோச்சா வந்து ரெண்டு ஸ்ட்ரைக்கர்களை வளர்த்து விட்டார்ங்கிறதுதான் இதுல வேடிக்கை. ஸ்ட்ரைக்கர் எப்ப தடுமாறுவான், எதைக் கண்டா டிஃபெண்டர் பயப்படுவான்னு அவருக்குத் தெரியாதா என்ன?

அப்புறம் மழை வந்துச்சு.

2015 டிசம்பர் 1 ராத்திரி பத்தி சென்னைக்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அடையாறு ஓரம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். இந்தப் பக்கம் கொரட்டூர்லயும் தெருவுக்குள்ள தண்ணி. கரண்ட் இல்ல, போன் இல்ல, ஏர்போர்ட்டையே மூடிட்டாங்க. பாக்ஸர் வீடு கீழ்த்தளம். கட்டில் மேல கட்டில் போட்டு, அது மேல டி.வியை வச்சுட்டு, அவங்க அம்மாவைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டான். ஐ.எஸ்.எல் எல்லாம் அப்போ யாருக்கு ஞாபகம்?

செமி ஃபைனல் முதல் லெக் சென்னையில நடந்திருக்கணும். நடத்த முடியாதுன்னு புனேவுக்கு மாத்திட்டாங்க. டிசம்பர் 12. சொந்த ஊர் மேட்சை வேற ஊர்ல ஆடினாங்க. எதிர்ல நடப்பு சாம்பியன் அட்லெட்டிகோ டி கொல்கத்தா. 3-0 ஜெயிச்சாங்க. பெலிசாரி, ஜேஜே, மெண்டோசா. போன வருஷம் அவங்க வாங்கின அதே 3-0, இந்தத் தடவை அவங்க கொடுத்தாங்க. கொல்கத்தாவுல 2-1 தோத்தாலும் மொத்தக் கணக்குல 4-2.

ஃபைனல் டிசம்பர் 20, கோவா ஃபதோர்டா ஸ்டேடியம். எதிர் டீம் கோவாவே. ஊர் மொத்தமும் அவங்க பக்கம். எங்க தெருவுல கரண்ட் வந்து ரொம்ப நாள் ஆகல. வீட்டு டி.வி முன்னாடி ஏழெட்டுப் பேர். 54-வது நிமிஷம் பெலிசாரி பெனால்டி, கோல்கீப்பர் கட்டிமணி தடுத்தார், திரும்பி வந்த பந்தைப் பெலிசாரியே உள்ள தள்ளினார். நாலே நிமிஷத்துல கோவாவுக்கு ஹாவோகிப் கோல். உடனே சென்னைக்கு இன்னொரு பெனால்டி, மெண்டோசா அடிச்சார், அதையும் கட்டிமணி தடுத்துட்டார். 87-வது நிமிஷம் ஜோஃப்ரே ஃப்ரீ கிக், கோவா 2-1. மேட்ச் முடிஞ்சுதுன்னு நான் எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டேன்.

சமையல்கட்டுல இருக்கும்போது ஒரு சத்தம். 90-வது நிமிஷம், கோல் வாய்ல நடந்த தள்ளுமுள்ளுல பந்து கட்டிமணி மேல பட்டு உள்ள போயிடுச்சு. அன்னைக்கு ரெண்டு பெனால்டியைத் தடுத்த மனுஷன் பேர்லயே ஓன் கோல். பாவம். ஓடி வந்து உட்கார்ந்தேன். 90+2. மெண்டோசா. 3-2.

பாக்ஸர் அழுதான். அவங்க அம்மா "யாருக்குடா கல்யாணம்"னு கேட்டாங்க.

கடைசி இடத்துல இருந்த டீம், சொந்த ஊர் தண்ணியில நிக்கும்போது, வேற ஊர்ல ஆடி, கோப்பையைக் கொண்டுவந்துச்சு. பெனால்டியைத் தவறவிட்ட மெண்டோசாவை மெட்டராஸி வெளிய எடுக்கலங்கிறதை நான் அடிக்கடி நினைச்சுப் பார்ப்பேன். அரை மணி நேரம் முன்னாடி பெரிய தப்புப் பண்ணின ஆள். கோச் அவரை உள்ளயே வச்சிருந்தார். அந்த ஆள்தான் கடைசி கோலைப் போட்டார்.

2016: சறுக்கல்

இங்கேயே நிறுத்தினா சினிமா மாதிரி இருக்கும். ஆனா நிஜத்துல இன்னொரு சீசன் பாக்கி இருந்துச்சு. 2016-ல மெண்டோசா இல்ல, எலானோ இல்ல. 14 மேட்ச்ல 3 வெற்றி, 6 டிரா, 5 தோல்வி. 8 டீம்ல 7-வது இடம். கடைசி மேட்ச் கோவாகிட்ட 5-4 தோல்வி. டிஃபெண்டர் கோச்சா இருக்கிற டீம் ஒரே மேட்ச்ல 5 கோல் வாங்குது!

2017 மார்ச்ல கிளப்பும் அவரும் பேசிப் பிரிஞ்சாங்க. மூணு சீசன், 47 மேட்ச், ஒரு கோப்பை. அதுக்கப்புறம் அவர் வேற எந்த கிளப்புக்கும் தலைமை கோச்சா போகல. கோச்சா அவரோட முழு வாழ்க்கையும் நம்ம சென்னைதான்.

அதனால அவரைப் பெரிய கோச்னு சொல்லலாமான்னு கேட்டா, எனக்குத் தயக்கம் இருக்கு. டேபிள்ல முதல் இடம், சாம்பியன், 7-வது இடம். மூணு வருஷத்துல மூணு விதமான முடிவு. நட்சத்திரங்கள் இருந்தப்போ ஜெயிச்சார், இல்லாதப்போ தோத்தார்னு சொல்றவங்களும் உண்டு. அதுல நியாயம் இல்லாம இல்ல.

ஆனா அந்தத் தோத்த வருஷத்துலயும் ஒண்ணு நடந்துச்சு. ஜெரி லால்ரின்சுவாலான்னு மிசோரம் பையன், 18 வயசு. அவனை லெஃப்ட் பேக்ல இறக்கி, மேட்ச் மேல மேட்ச் ஆட விட்டார். சீசன் முடிவுல லீகோட சிறந்த வளரும் பிளேயர் விருது அந்தப் பையனுக்கு.

அடுத்து ஜான் கிரிகரி வந்தார். 2018 மார்ச் 17, பெங்களூருவை அவங்க ஊர்லயே 3-2 ஜெயிச்சு சென்னைக்கு ரெண்டாவது கோப்பை. அந்த டீமைப் பாருங்க. ஜேஜே, ஜெரி, தோய் சிங், ரஃபேல் அகஸ்டோ, மெயில்சன் ஆல்வ்ஸ், தனபால் கணேஷ். எல்லாரும் மெட்டராஸி காலத்துல இந்த நீல ஜெர்சியைப் போட்டவங்க. கணேஷ் வியாசர்பாடிப் பையன். நாங்க மேட்சுக்குப் போற லோக்கல் ட்ரெயின் நின்னு போற ஸ்டேஷன்தான் வியாசர்பாடி ஜீவா. அங்க தெருவுக்குத் தெரு ஃபுட்பால். அந்தப் பசங்களுக்கு ஃபுட்பால் ஆட மெட்டராஸி வந்து கத்துக்கொடுக்கல, அவங்க அப்பா தாத்தா காலத்துல இருந்தே ஆடுறாங்க. ஆனா அவங்க ஏரியா ஆள் ஒருத்தன், உலகக் கோப்பை ஜெயிச்ச ஒருத்தர்கிட்ட தினமும் பயிற்சி எடுத்தான், அதுவும் ரெண்டு மூணு ஸ்டேஷன் தள்ளி. அது சின்ன விஷயமா எனக்குத் தெரியல.

இப்போ பாக்ஸர்

நான் இந்த எபிசோடைப் பண்ணணும்னு நினைச்சதுக்குக் காரணம் போன மாசம் நடந்த ஒண்ணு. ஞாயித்துக்கிழமை காலையில பாக்ஸரைத் தேடி கிரவுண்டுக்குப் போனேன். இப்போ வாரா வாரம் இருபது, இருபத்தஞ்சு பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லித் தர்றான். காசு வாங்குறதில்ல. கோன் வாங்கக் காசு இல்லாம கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல மண்ணைப் போட்டு வரிசையா வச்சிருக்கான்.

அன்னைக்கு ரெண்டு பசங்களுக்குள்ள சண்டை. ஒருத்தன் இன்னொருத்தனைத் தள்ளிவிட்டு, அவன் வாயில ரத்தம். மத்த பசங்க எல்லாம் "இவனை வெளிய அனுப்புங்கண்ணா"ன்னு கத்துறாங்க. பாக்ஸர் தள்ளினவனைத் தனியா கூட்டிட்டுப் போனான். ஒரு அஞ்சு நிமிஷம் பேசினான். அடிபட்டவன்கிட்ட அவனே போய் தண்ணி பாட்டிலைக் கொடுக்கச் சொன்னான். அன்னைக்கு முழுக்க அவனை பெஞ்சுல உட்கார வச்சான். கிளம்பும்போது, "அடுத்த வாரம் கரெக்டா ஆறு மணிக்கு வரணும், நீதான் ஸ்டாப்பர்"னு சொல்லி அனுப்பினான்.

"என்னடா சொன்ன அவன்கிட்ட?"ன்னு கேட்டேன்.

"என் பேர் என்னன்னு கேட்டேன். 'பாக்ஸர் அண்ணா'ன்னான். ஏன் அந்தப் பேர் வந்துச்சுன்னு சொன்னேன். உனக்கு அந்த மாதிரி ஒரு பேர் வர வேணாம்டான்னேன். அவ்வளவுதான்."

எனக்கு அங்கேயே கொஞ்சம் வெட்கமா போச்சு. அந்தப் பேரை இத்தனை வருஷமா கூப்பிட்டுட்டு இருந்தது நான்தானே. இந்த எபிசோடுல அவனை அந்தப் பேர்ல சொல்லலாமான்னு போன் பண்ணிக் கேட்டேன். சிரிச்சுட்டு, "இந்த ஒரு தடவை சொல்லிக்கோ, அதோட விட்டுடு"ன்னான். அதனால இதுதான் கடைசித் தடவை.

மெட்டராஸி அந்த முட்டை மறக்க வைக்கல. அதை மறக்க வைக்க யாராலயும் முடியாது, சிலையே இருக்கு. அவர் பேசினது சரின்னும் ஆயிடாது. ஆனா 2015 டிசம்பர் 20-ல டி.வி முன்னாடி உட்கார்ந்திருந்த எங்களுக்கு, அவர் ஜிடான்கிட்ட முட்டு வாங்கின ஆள் இல்ல. எங்க கோச்.

ஓகே மக்களே. உங்க ஏரியாவுலயும் இப்படி ஒரு அண்ணன் கண்டிப்பா இருப்பார். காலங்காத்தால விசிலைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, கபடியோ ஃபுட்பாலோ கேரமோ, பசங்களை வச்சு ஏதாவது பண்ணிட்டு இருப்பார். அவரைப் பத்தி ரெண்டு நிமிஷம் வாய்ஸ் நோட் அனுப்புங்க. ஒரு எபிசோட் முழுக்க அவங்களைப் பத்தியே போடலாம். முடிஞ்சா பட்டப்பேரை விட்டுட்டு, நிஜப் பேரைச் சொல்லி, அவர்கிட்ட கேட்டுட்டு அனுப்புங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம். வணக்கம்.